ஊரார் கட்டிய கோயில்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், இடைக்கால இங்கிலாந்தின் பங்குக்கோயில். அதன் கட்டடம், அதற்குள் இருந்த பொருள்கள், அவற்றைச் செய்து வைத்த மனிதர்கள்.

பேராலயங்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். கேன்டர்பரி, யார்க், டர்ஹம் என்று அந்தப் பெயர்கள் உலகெங்கும் தெரியும். நான் பேச வந்தது ஊர்க் கோயிலைப் பற்றி. முப்பது வீடு, நாற்பது வீடு உள்ள ஒரு சிற்றூர். சுற்றிலும் பார்லி வயலும் ஆட்டு மேய்ச்சலும். நடுவில் ஒரு கற்கோயில். இடைக்காலத்தின் இறுதியில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 9,000 பங்குகள், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச்சபைகள், இருந்தன. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கோயில். அவற்றில் பல்லாயிரம் இன்றும் நிற்கின்றன.

அவற்றைக் கட்டியவர் யார்? அவற்றுக்குள் இருந்த ஒவ்வொரு விளக்கையும், ஒவ்வொரு மணியையும், ஒவ்வொரு சுரூபத்தையும் வாங்கி வைத்தவர் யார்? ஒரு நாள் அவையெல்லாம் பறிபோனபோது இழந்தவர் யார்? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான்: ஊரார். இதை நிலைநாட்டுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் கட்டடம் முழுவதும் புரிந்துவிடும்.

பங்குக்கோயில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். கிழக்குக் கோடியில் பலிபீடம் உள்ள பகுதி. அதைப் பீடக்கூடம் என்று சொல்வோம். மேற்கே மக்கள் நின்று பூசை காணும் பெரிய பகுதி. அதை மக்கள் கூடம் என்று சொல்வோம். 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உறுதிப்பட்டது. ஊரின் விளைச்சலில் தசமபாகம் பெறுகிற குருவோ மடமோ பீடக்கூடத்தைப் பராமரிக்க வேண்டும். மக்கள் கூடத்தைக் கட்டுவதும், கூரை ஒழுகினால் வேய்வதும், சுவர் சாய்ந்தால் நிமிர்த்துவதும் ஊராரின் கடமை.

கட்டடத்தோடு கடமை முடிந்ததா? இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேன்டர்பரி பேராயராக இருந்த ராபர்ட் வின்சல்சியின் பெயரால் ஒரு பட்டியல் வழங்கியது. ஊரார் தங்கள் செலவில் வாங்கி வைக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் அது. பூசைப் புத்தகம், பாட்டுப் புத்தகம், இரசக் கிண்ணம், பூசை உடுப்புகள், பவனிச் சிலுவை, தூபக் கலசம், தீர்த்தப் பாத்திரம், பூட்டுப் போட்ட ஞானஸ்நானத் தொட்டி, மணிகள், அந்த மணிகளை இழுக்கும் கயிறு. ஆம், கயிறு வரை ஊரார் பொறுப்பு!

கடமை என்றால் சுமை என்று நாம் நினைப்போம். அந்த ஊரார் அதை உரிமையாக எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் கோயில் வரவு செலவைக் கவனிக்கத் தங்களுக்குள் வார்டன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வரவு எழுதினார்கள், செலவு எழுதினார்கள், ஆண்டு முடிவில் ஊர் கூடிக் கணக்குக் கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் அந்தக் கணக்கைக் காதால் கேட்டான். தான் கொடுத்த செப்புக்காசு எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும்.

வாருங்கள், இப்போது கோயிலை நோக்கி நடப்போம். முதலில் வெளியே நின்று பார்ப்போம்.

ஊர் மண்ணில் எது கிடைத்ததோ அதுவே கோயிலாயிற்று. காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியில் வெட்டியெடுக்க மென்மையான சுண்ணாம்புக்கல் இருந்தது. அங்கே கோயில்கள் வெளிர்மஞ்சளாக மின்னுகின்றன. ஹெர்ஃபோர்ட்ஷயரில் செந்நிற மணற்கல். 1140-ஐ ஒட்டி அங்கே எழுந்த கில்பெக் கோயிலின் கூரையடியில் நாயும் முயலும் அருகருகே முகம் நீட்டிக்கொண்டிருக்கும் சிற்பத்தை இன்றும் காணலாம். நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில் நல்ல கட்டடக் கல்லே கிடையாது. வயலில் ஏர் ஓட்டினால் சிக்கிமுக்கிக் கல்தான் புரளும். அந்த மக்கள் அதைக் கூடை கூடையாகப் பொறுக்கிச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைக்கு வைக்கப் பெரிய கல் இல்லாததால் கோபுரத்தை வட்டமாகவே கட்டினார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அத்தகைய வட்டக் கோபுரங்கள் அந்தப் பகுதியில் நூற்றுக்கு மேல் உண்டு. எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் என்னும் ஊரில் ஓக் மரத்தடிகளைப் பிளந்து வரிசையாக நட்டுச் சுவராக்கிய 11-ஆம் நூற்றாண்டுக் கோயில் இன்னும் நிற்கிறது.

வளைவைப் பாருங்கள், காலம் தெரிந்துவிடும். அரைவட்டமாக, கனத்த தூணின் மேல் நின்றால், அது 1066-இல் வந்த நார்மன்களின் காலத்தது. நுனி கூர்ந்து மேலெழுந்தால் 1200-க்குப் பிற்பட்டது. சன்னலின் கல்வேலைப்பாடு கொடிபோல் பின்னிப் படர்ந்தால் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. நேர்கோடாக நிமிர்ந்து, சுவரே கண்ணாடியாகிவிட்டதோ என்று தோன்றினால், அது 1350-க்குப் பிந்தையது. சென்னைச் சாந்தோம் பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூர்வளைவு புதிதல்ல. இடைக்கால ஐரோப்பாவின் இந்த வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டு மீட்டெடுத்தபோது அது கடல் கடந்து நம் கரைக்கும் வந்தது. இங்கிலாந்தின் ஊர்க் கோயிலில் இந்த எல்லா வளைவுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஒரு தலைமுறை தூண் வைத்தது, அடுத்த தலைமுறை பக்கக்கூடம் சேர்த்தது, அதற்கடுத்த தலைமுறை சன்னலை அகலப்படுத்தியது. பெரும்பாலும் எந்தத் தலைமுறையும் முந்தியவர்கள் செய்ததை முழுதும் இடித்துத் தள்ளவில்லை.

கோபுரத்துக்கு வருவோம். லிங்கன்ஷயரில் லௌத் என்று ஓர் ஊர். அந்த ஊரார் தங்கள் கோயில் கோபுரத்தின் மேல் ஒரு கூம்பு எழுப்ப முடிவு செய்தார்கள். 1501-இல் வேலை தொடங்கியது, 1515-இல் முடிந்தது. செலவு 300 பவுனுக்குச் சற்று மேல். உயரம் ஏறத்தாழ 290 அடி. இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குக்கோயில்களில் இதைவிட உயர்ந்த கூம்பு இன்று வேறில்லை. உச்சியில் வைத்த காற்றுச் சேவல், ஸ்காட்லாந்து அரசனிடமிருந்து போரில் கைப்பற்றிய செப்புப் பாத்திரத்தில் செய்தது என்று ஊர்க் கணக்கு சொல்கிறது. சேவலை ஏற்றிய அன்று குருக்கள் மந்திரித்தார்கள், மணிகள் முழங்கின, கூடியிருந்த அனைவருக்கும் ரொட்டியும் ஏல் என்னும் பார்லி மதுவும் வழங்கினார்கள். பதினான்கு ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கொடுத்த மக்கள் அன்று அண்ணாந்து பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? லௌத் என்ற பெயரை நினைவில் வையுங்கள். மீண்டும் அங்கே போகப் போகிறோம்.

இப்போது தெற்கு வாசல் முகப்புக்கு வருவோம். இதை வெறும் நடைவழி என்று எண்ணிவிடாதீர்கள். திருமணச் சடங்கு இங்கேதான் தொடங்கியது. ஊர் பார்க்க, வாசலில் நின்று, மணமகன் வாக்குக் கொடுத்தான். அதன் பிறகே உள்ளே பூசை. கவிஞர் சாசர் படைத்த பாத் நகரத்துப் பெண்மணி ஐந்து கணவர்களையும் கோயில் வாசலில்தான் கைப்பிடித்தாள் என்பது ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தங்களும் கடன் தீர்ப்பும் இங்கே நடந்தன. வாசல் சுவரில் கத்தியால் கீறிய ஒரு வட்டம் தெரியும். நடுவில் ஒரு துளை. துளையில் ஒரு குச்சியைச் செருகினால் அதன் நிழல் பூசை நேரத்தைக் காட்டும். வெயிலே ஊரின் கடிகாரம்.

உள்ளே காலெடுத்து வைத்ததும் முதலில் கண்ணில் படுவது ஞானஸ்நானத் தொட்டி. வாசலருகே அதை வைத்ததற்குப் பொருள் உண்டு: திருச்சபைக்குள் நுழையும் வாசல் அந்த நீர்தான். தொட்டியின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடங்களில் கல் பெயர்ந்திருக்கும், அல்லது துருப்பிடித்த இரும்பு எஞ்சியிருக்கும். அது பூட்டு இருந்த இடம். மந்திரித்த நீரை மாந்திரீகத்துக்கு எவரும் எடுத்துப் போகாதபடி தொட்டியை மூடிப் பூட்ட வேண்டும் என்று பேராயர் எட்மண்ட் 1236-இல் ஆணையிட்டார். கல்லில் ஒரு வடு, அதற்குள் எத்தனை செய்தி! அந்த நீருக்கு ஆற்றல் உண்டு என்று மக்கள் நம்பியதும் தெரிகிறது, அந்த நம்பிக்கையைக் கண்டு மேலிடம் அஞ்சியதும் தெரிகிறது.

நார்ஃபோக்கும் சஃபோக்கும் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவில் 15-ஆம் நூற்றாண்டில் எண்கோணத் தொட்டிகளைச் செதுக்கினார்கள். ஏழு முகங்களில் ஏழு திருவருட்சாதனங்கள். எட்டாவது முகத்தில் பெரும்பாலும் ஆண்டவரின் ஞானஸ்நானமோ சிலுவைப்பாடோ. குழந்தையைத் தொட்டியில் முக்குகிறார் குரு. பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவர் முழந்தாளிடுகிறார். மரணப் படுக்கையில் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுகிறார்கள். பிறப்பிலிருந்து சாவு வரை ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு கல்லைச் சுற்றி வருகிறது. அந்தச் சிற்பத்தில் இருப்பவர்கள் அணிந்திருப்பது அந்த ஊரார் அன்று உடுத்திய உடை. தங்களையே தங்கள் தொட்டியில் செதுக்கி வைத்தார்கள்.

அடுத்து மக்கள் கூடத்தின் சுவர்கள். இன்று அவை வெள்ளையாகவோ வெறுங்கல்லாகவோ இருக்கின்றன. அன்று அவை வண்ணத்தில் மூழ்கியிருந்தன. செங்காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணாம்பு. வாசலுக்கு நேர் எதிரே புனித கிறிஸ்டோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பார். அவரைப் பார்த்த அன்று துர்மரணம் வராது என்பது மக்களின் நம்பிக்கை. வயலுக்குப் போகிறவன் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

பீடக்கூடத்துக்கு முன்னால் எழும் வளைவின் மேல் நடுத்தீர்வை ஓவியம். வானவில்லின் மேல் கிறிஸ்து அமர்ந்திருப்பார், ஐந்து காயங்களும் தெரிய. கீழே கல்லறைகள் திறக்கும். சம்மனசு மிக்கேல் தராசு பிடிப்பார். ஒரு பக்கம் மோட்சம், மறுபக்கம் பிளந்த வாயாக நரகம்.

சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊரின் நடுத்தீர்வையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலகைகளில் தீட்டிய ஓவியம் அது. 16-ஆம் நூற்றாண்டின் மாற்றங்களில் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். ஓவியம் இருந்ததையே ஊர் மறந்தது. 1892-இல் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய பலகைகள் என்று அவற்றைப் பிடுங்கிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு மழை பெய்தது. வெள்ளைப்பூச்சு கரைந்தது. விடிந்ததும் பார்த்தால், பலகையிலிருந்து முகங்கள் எழுந்து நிற்கின்றன! பேதுருவின் முன் மோட்ச வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள். ஆடையே இல்லை, தலையில் மட்டும் மகுடமும் ஆயரின் தொப்பியும். அரசனானாலும் ஆயரானாலும் அந்த நாளில் வெற்றுடம்புதான் என்று ஓர் ஊர் தன் கோயிலில் எழுதி வைத்திருந்தது. உழவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் நிமிர்ந்து பார்த்த பாடம் இது.

அந்தப் பலகையில் வண்ணமே படாத மூன்று நிழலுருவங்களும் தெரிகின்றன. நடுவில் சிலுவை, இருபுறமும் மாதாவும் யோவானும் நின்ற தடம். பாடுபட்ட சுரூபத்தை அந்தப் பலகையின் மேல் பொருத்தியிருந்தார்கள். சுரூபம் அழிந்தது, தடம் அழியவில்லை.

மக்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? நெடுங்காலம் அவர்கள் உட்காரவில்லை, நின்றார்கள், முழந்தாளிட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரம் கல்திண்ணை. இருக்கைகள் பரவலானது 15-ஆம் நூற்றாண்டில். வந்ததும், தச்சர்களுக்குப் பெருவிருந்து! ஓக் பெஞ்சுகளின் பக்கப் பலகை ஒவ்வொன்றும் ஒரு சிற்பம். கார்ன்வாலில் ஆல்டர்னன் கோயிலில் ஒருவன் தோல்பை வாத்தியம் ஊதுகிறான், ஆடுகள் மேய்கின்றன. அங்கே ஒரு பலகையில் தச்சன் ராபர்ட் டே தன் பெயரைச் செதுக்கியிருக்கிறான். சோமர்செட்டில் ஸ்பாக்ஸ்டன் கோயிலில், கம்பளித் துணியைப் பதப்படுத்தும் தொழிலாளி தன் கருவிகளோடு நிற்கிறான். புனிதர் இருக்க வேண்டிய கோயிலில் தொழிலாளிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவன் உழைப்பில் வந்த பணம்தானே அந்த பெஞ்சு!

இப்போது தலையை நிமிர்த்துங்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் மார்ச் என்னும் ஊரின் புனித வென்டிரெடா கோயில் கூரை. 1500-ஐ ஒட்டி எழுந்தது. உத்தரத்தின் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு சம்மனசு, சிறகை விரித்தபடி. மொத்தம் சுமார் 120. தூண் இல்லாமல் அகன்ற கூடத்தை மூட வேண்டும்; அதற்குச் சுவரிலிருந்து குறுந்துலாக்களை இரண்டு அடுக்காக நீட்டி, மேலே மேலே ஏற்றிச் சென்றார்கள். எடையைத் தாங்கும் உறுப்பின் நுனியிலேயே வானுலகத்தைச் செதுக்கிவிட்டார்கள். பொறியியலும் பக்தியும் அங்கே ஒரே மரத்துண்டில் இருக்கின்றன.

மக்கள் கூடத்துக்கும் பீடக்கூடத்துக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு. மேற்பாதி சாளரமாகத் திறந்திருக்கும். கீழ்ப்பாதிப் பலகைகளில் புனிதர்கள். நார்ஃபோக்கின் ரான்வொர்த் தடுப்பில் அப்போஸ்தலர்கள் பன்னிருவரும், பறவைநாகத்தை வெல்லும் மிக்கேலும் பொன்னும் சிவப்புமாக நிற்பதை இன்றும் காணலாம். தடுப்பின் மேல் ஒரு மாடம். மாடத்தின் மேல் பாடுபட்ட சுரூபம். அதன் முன் எரிந்த மெழுகுவர்த்திகள் ஊரார் வாங்கியவை. விதவை ஒருத்தி தன் உயிலில் ஒரு தேன்கூட்டையோ ஓர் ஆட்டையோ எழுதி வைப்பாள், அந்த விளக்கு அணையாமல் இருக்கட்டும் என்று. இந்தத் தடுப்பு மக்களைத் தள்ளி வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தடுப்பின் முன்னாலேயே சிறு பீடங்கள் இருந்தன. மக்கள் கைக்கெட்டும் தூரத்தில் பூசை நடந்தது. அந்தத் தடுப்புக்குக் காசு கொடுத்தவர்களும் அவர்களே.

தடுப்பைக் கடந்து பீடக்கூடத்துக்குள் போவோம். தெற்குச் சுவரில் ஒரு சிறு மாடக்குழி, அடியில் துளை. பூசைப் பாத்திரம் கழுவிய நீர் கண்ட இடத்தில் விழாமல், கோயில் மண்ணுக்குள்ளேயே இறங்கச் செய்த வழி அது. பக்கத்தில் குருக்கள் அமர மூன்று கல்லிருக்கைகள். வடக்குச் சுவரில், சில ஊர்களில், ஒரு கல்லறை மாடம்.

லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டன் கோயிலில் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செதுக்கிய கல்லறை மாடம் இருக்கிறது. அடியில் காவல் வீரர்கள் தூங்குகிறார்கள். மேலே ஆண்டவர் உயிர்த்தெழுகிறார். பெரிய வெள்ளியன்று நற்கருணையையும் சிலுவையையும் இத்தகைய மாடத்தில் அடக்கம் செய்வார்கள். உயிர்த்த ஞாயிறு விடியும் வரை ஊரார் முறை வைத்து விழித்திருப்பார்கள். காவல் இருந்தவர்களுக்குக் குளிர்காயக் கரியும் குடிக்க ஏலும் வாங்கிய செலவை வார்டன்கள் கணக்கில் எழுதினார்கள். கல்லில் செதுக்கிய வீரர்கள் தூங்கினார்கள். ஊரார் விழித்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஆட்டின் முதுகிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை. கம்பளியும் கம்பளித் துணியும் இங்கிலாந்தை வளமாக்கின. சஃபோக்கின் லாவன்ஹம் ஊரில் தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வணிகர் 1523-இல் இறந்தபோது கோபுர வேலைக்கு 200 பவுன் எழுதி வைத்தார்; 141 அடிக் கோபுரம் இன்றும் அங்கே நிமிர்ந்து நிற்கிறது. குளோஸ்டர்ஷயரின் ஃபேர்ஃபோர்ட் ஊரில் கம்பளி வணிகர் ஜான் டேம் கோயிலைப் புதிதாகக் கட்டினார், மகன் எட்மண்ட் முடித்தார். அதன் 28 சன்னல்களிலும் வண்ணக் கண்ணாடி ஓவியம். ஏவாளில் தொடங்கி நடுத்தீர்வை வரை. இடைக்காலக் கண்ணாடி முழுத் தொகுதியாக எஞ்சியிருக்கும் பங்குக்கோயில் இங்கிலாந்திலேயே அது ஒன்றுதான். நார்த்லீச் கோயிலில் வணிகர்களின் பித்தளைக் கல்லறைத் தகடுகளில், காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும் இருக்கின்றன. லாங் மெல்ஃபோர்ட் கோயிலின் வெளிச்சுவரில், யார் யார் பொருளில் எந்தப் பகுதி எழுந்தது என்று பெயர்களைப் பொறித்து, அவர்கள் ஆன்மாவுக்காக மன்றாடும்படி வேண்டுகிறார்கள்.

செல்வர்கள் கொடுத்தார்கள், சரி. செல்வரே இல்லாத ஊர் என்ன செய்தது?

அதற்கு மோர்பாத் பதில் சொல்கிறது. டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில், முப்பது சொச்சம் குடும்பங்கள் வாழ்ந்த ஏழை ஊர். 1520-இல் அங்கே குருவாக வந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி 1574-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். கோயில் கணக்கைத் தம் கையாலேயே எழுதினார். வரலாற்று அறிஞர் ஈமன் டஃபி 2001-இல் வெளியிட்ட நூலின் வழியே அந்தக் கணக்கு உலகின் கண்ணுக்கு வந்தது.

மோர்பாத் கோயிலுக்குச் சொந்தமாக ஆடுகள் இருந்தன. ஊரார் ஆளுக்கு ஒன்றிரண்டாகத் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற காசு கோயிலுக்கு. ஊர் இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி, அந்தப் பெண்களுக்குத் தனி வார்டன்கள். ஏல் காய்ச்சி விருந்து வைத்து விற்றுக் காசு சேர்த்தார்கள். 1534-இல் ஒரு திருடன் கோயிலுக்குள் புகுந்து இரசக் கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டான். அந்த ஊரின் இளைஞர்களும் கன்னிப் பெண்களும் கூடிப் பேசித் தங்கள் காசில் புதுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள்.

ட்ரிக்கிக்கு ஓர் ஆசை. இறந்தோர் பூசைக்கு நல்ல கறுப்பு உடுப்பு ஒரு தொகுதி வேண்டும். கோயில் ஆடுகளின் கம்பளியில் தமக்குச் சேர வேண்டிய பங்கை அதற்கென்று ஒதுக்கினார். ஊராரும் சேர்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேமித்து 1547-இல் அந்த உடுப்பை வாங்கினார்கள்.

1547! அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். எட்டாம் ஹென்றி இறந்து, சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறிய ஆண்டு. சில மாதங்களிலேயே பழைய கத்தோலிக்க வழிபாட்டை மாற்றும் ஆணைகள் பறந்து வந்தன. சுரூபங்களை அகற்று. விளக்குகளை அணை. சுவரில் வெள்ளையடி. இறந்தோர் பூசை கூடாது. 1550-இல் கற்பீடங்களை உடைக்கச் சொன்னார்கள். 1552-இல் அரசின் ஆட்கள் வந்து கோயில் பொருள்களைப் பட்டியலிட்டார்கள். அடுத்த ஆண்டு அள்ளிக்கொண்டு போனார்கள். இருபதாண்டுச் சேமிப்பில் வந்த கறுப்பு உடுப்பு வாங்கிய வேகத்தில் பயனற்றுப் போனது.

யாருடைய வெள்ளியை அரசு எடுத்தது? யாருடைய மணியை, யாருடைய துணியை எடுத்தது? மடத்தின் சொத்தையா, பிரபுவின் சொத்தையா? ஊராரின் சொத்தை!

ஊரார் சும்மா இருந்தார்களா? லௌத்தை நினைவில் வையுங்கள் என்று சொன்னேன். ஹென்றியின் ஆட்சியிலேயே, 1536 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. கோயில் வெள்ளியை எடுத்துப் போக ஆள் வருகிறது என்று செய்தி பரவியது. கூம்பு எழுப்பிய அதே ஊரார் கோயில் சாவியைப் பறித்துக்கொண்டு இரவெல்லாம் காவல் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் ஒரு செருப்புத் தொழிலாளி, நிக்கோலஸ் மெல்டன். அந்தக் காவல் ஒரு மாவட்டமே கிளர்ந்தெழும் கலகமாயிற்று. மெல்டனும் அவ்வூர்ப் பங்குக் குருவும் உயிரைக் கொடுத்தார்கள். 1549-இல் புதிய செபப் புத்தகத்தை எதிர்த்து மேற்கு மாவட்டங்கள் எழுந்தபோது, மோர்பாத் தன் இளைஞர்கள் ஐவரைக் காசு கொடுத்து அனுப்பியது. எக்ஸெட்டர் நகருக்கு வெளியே இருந்த கலகக்காரர்களின் பாசறைக்கு அவர்கள் போனார்கள். ட்ரிக்கியின் கணக்கு அதையும் சொல்கிறது.

எதிர்க்க முடியாதவர்கள் ஒளித்து வைத்தார்கள். மேரி அரசியின் காலத்தில் பழைய வழிபாடு திரும்பியபோது, மோர்பாத்தின் வீடுகளிலிருந்து உடுப்புகளும் சுரூபங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதன் பிறகு எலிசபெத் அரசியின் ஆட்சி. 1561-இல் தடுப்பு மாடங்களை இறக்க ஆணை. மறுபடியும் எல்லாம் போயிற்று.

ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து இன்னொரு சோதனை. உள்நாட்டுப் போரின்போது, 1643, 1644 ஆண்டுகளில், வில்லியம் டௌசிங் என்பவர் சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர்க் கோயில்களில் எஞ்சிய உருவங்களை உடைக்க அதிகாரம் பெற்று ஊர் ஊராகப் போனார்; உடைத்ததை நாட்குறிப்பாகவும் எழுதினார். உஃபோர்ட் என்னும் ஊருக்கு அவர் இரண்டாம் முறை வந்தபோது வார்டன்கள் சாவி தரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்க வைத்தார்கள். அந்தக் கோயிலில் தொட்டியின் மேல் ஒரு மர மூடி உண்டு. ஏறத்தாழ 18 அடி உயரம், அடுக்கடுக்காக மேலெழும் கோபுர வேலைப்பாடு, உச்சியில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா. டௌசிங் அதைக் கண்டார், தம் குறிப்பில் வியந்தார். மூடி தப்பித்தது. இன்றும் இருக்கிறது.

உடைத்தவர்கள் மேல் நாம் அவசரப்பட்டுப் பழி சொல்லிவிடவும் கூடாது. பிளைத்பரோ கோயில் கூரைச் சம்மனசுகளின் உடம்பில் ஈயக் குண்டுகள் பதிந்திருந்தன. டௌசிங்கின் ஆட்கள் சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது குண்டுகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரையில் கூடு கட்டிய காக்கையினப் பறவைகளைச் சுட்டு விரட்டக் கோயிலே காசு கொடுத்திருக்கிறது. சொன்னது யார்? கோயில் கணக்குத்தான்.

நண்பர்களே, நான் சொல்ல வந்ததைத் தொகுத்துச் சொல்கிறேன்.

ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் எந்த அரசன் காலத்தது என்று கேட்கப் பழகியிருக்கிறோம். எந்த வளைவு, எந்தப் பாணி என்று கேட்கவும் பழகியிருக்கிறோம். இரண்டும் வேண்டும். அவற்றோடு மூன்றாவது கேள்வி ஒன்றையும் கேளுங்கள்: இதற்குக் காசு கொடுத்தவர் யார், கணக்கு எழுதியவர் யார்? அப்படிக் கேட்டால் தொட்டியில் இருக்கும் பூட்டின் வடு பேசும். பெஞ்சில் நிற்கும் துணித் தொழிலாளி பேசுவான். மோர்பாத்தின் கன்னிப் பெண்கள் பேசுவார்கள். கேட்காவிட்டால் அவர்கள் எல்லோரும் பாணி என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோவார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த வழிபாட்டிடத்தை அளந்தாலும், வரைந்தாலும், அங்கே பழைய கணக்கேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நன்கொடைப் பலகையைப் படமெடுங்கள். எண்ணெய்க்கும் கயிற்றுக்கும் எழுதிய செலவை அற்பம் என்று ஒதுக்காதீர்கள். ஏழை ஊர் ஒன்று எப்படி வாழ்ந்தது, எதை நேசித்தது, எதற்காகத் துணிந்து நின்றது என்பதை ஒரு குருவின் வரவு செலவுக் கணக்கு ஐந்நூறு ஆண்டு கழித்து நமக்குச் சொல்லியிருக்கிறது. அந்த ஏடு கரையானுக்கு இரையாகியிருந்தால் மோர்பாத்தின் குரல் நமக்குக் கேட்டிருக்காது. இத்தகைய ஏடுகளைக் காப்பதும் கட்டடத்தைக் காக்கும் பணியே. அந்தப் பணியை நீங்கள் மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.